அப்பாவின் காந்தி நூற்றாண்டு புரூஃப் செட்: பச்சை பிடித்திருக்கிறது, என்ன செய்வது?

கரூர்_செல்வி:

வணக்கம். காசு சேர்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சேர்த்தவர் அப்பா. வங்கியில் காசாளராக இருந்தார், போன தை மாதம் தவறிவிட்டார். அவர் பீரோவை இப்போதுதான் ஒழித்துக்கொண்டிருக்கிறோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு சிவப்பு ஆல்பம் இருந்தது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "காந்தி நூற்றாண்டு, புரூஃப், பம்பாய் மின்ட்" (காசு அடிக்கும் ஆலை). அதற்குக் கீழே நான்கு காசுகள். பத்து ரூபாய், ஒரு ரூபாய், ஐம்பது பைசா, இருபது பைசா.

ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் கண்ணாடி போல இருக்கின்றன, என் முகம் தெரிகிறது. இருபது பைசாவின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. பத்து ரூபாய் ஓரமெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாக நிறம் மாறிவிட்டது. ஒரு பக்கத்தில் சின்னதாகப் பழுப்புக் கறையும் இருக்கிறது.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். "பாலிஷ் போட்டுத் தருகிறேன், இல்லையென்றால் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்கள். மனசு ஒப்பாமல் திரும்பிவிட்டேன். சின்ன வயதில் இந்த ஆல்பத்தைத் தொட்டதற்காக அப்பா என்னிடம் சத்தம் போட்டார். என்னைக் கோபித்துக்கொண்டது அநேகமாக அந்த ஒரே தடவைதான். அதனால்தான் கேட்கிறேன்: இதைச் சுத்தம் செய்யலாமா? இது உண்மையிலேயே புரூஃப் தானா?

வைகை_கரை:

அக்கா, வெள்ளிக் காசுக்குக் கொஞ்சம் விபூதி போட்டுப் பருத்தித் துணியால் தேய்த்துப் பாருங்கள். குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று வந்துவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

பழையகாசு_நெல்லை:

செல்வி அம்மா, விபூதி வேண்டாம். துணியும் வேண்டாம். தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார், குத்துவிளக்குக்கு அது சரி. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு காசைக் கெடுத்தேன். 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த பத்து ரூபாய், புரூஃப். லேசாகக் கறுத்திருந்தது. விபூதியைத் தொட்டு இரண்டு நிமிடம் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது, வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ராத்திரி குண்டு பல்புக்கு அடியில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பல்பின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக மயிரிழைக் கீறல்கள். இருபத்தாறு வருஷம் ஆகிறது, அவை அப்படியேதான் இருக்கின்றன. எதைப் போட்டாலும் போகாது. அந்த இடத்தில் உலோகமே இல்லை, அதை நான் தேய்த்து எடுத்துவிட்டேன்.

புரூஃப் என்பது காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் வார்த்தை இல்லை, அடித்த விதத்தைச் சொல்வது. புழக்கத்துக்கான காசை இயந்திரம் ஒரே அடியில் அடித்துத் தொட்டியில் தள்ளிவிடும். புரூஃபுக்கு வெற்று வில்லையை முதலிலேயே மெருகேற்றுவார்கள். அச்சின் சமதளத்தைக் கண்ணாடியாகத் தேய்த்து, உருவம் வரும் பள்ளத்தை மட்டும் சொரசொரப்பாக விடுவார்கள். வில்லையை ஒவ்வொன்றாகக் கையால் வைத்து, கூடுதல் அழுத்தத்தில் இரண்டு தடவையாவது அடிப்பார்கள். அதனால்தான் பின்புலம் கண்ணாடியாகவும் காந்தியின் முகம் பனி படர்ந்தது போலவும் இருக்கிறது. இந்தக் கண்ணாடிதான் காசின் மதிப்பே. துணி பட்டால் முதலில் போவதும் அதுதான்.

புரூஃப் தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1869-1948 என்று போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். பம்பாய் மின்ட்டின் சாதாரணக் காசில் சின்ன டைமண்ட் குறி இருக்கும். கல்கத்தா என்றால் குறியே இருக்காது. புரூஃபில் ஆங்கில 'பி' எழுத்து இருக்கும். (ஊர்ப் பெயர் மும்பை ஆன பிறகு வந்த புரூஃப்களில் 'எம்'.) வெள்ளி என்பதால் மட்டும் புரூஃப் ஆகிவிடாது. அந்தப் பத்து ரூபாயைப் பொதுமக்களுக்கென்றும் லட்சக்கணக்கில் அடித்தார்கள். 15 கிராம், அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. இன்னொன்று, 1948-ஐப் பார்த்து அந்த வருஷத்துக் காசு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது காந்தி மறைந்த வருஷம். காசு வெளிவந்தது 1969-இல், ஆனால் 1969 என்று அதில் எங்கேயும் இருக்காது.

சரி, பச்சைக்கு வருவோம். ஆல்பத்தின் பை மெத்தென்று வளைகிறதா, புது ரெக்சின் மாதிரி வாசனை வருகிறதா? அப்படியானால் அது பிவிசி பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் அது மெல்லச் சிதைந்து அமிலம் கசியும். இருபது பைசா அலுமினிய வெண்கலம், அதில் பெரும்பகுதி செம்பு. அதனால் முதலில் அதுதான் பச்சை பிடிக்கும். ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் நிக்கல், அவை தாங்கிவிட்டன. முதல் வேலையாக நான்கையும் அந்தப் பையிலிருந்து வெளியே எடுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுத்தமான அசிட்டோன். ரசாயனப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் பத்து நிமிடம் போடுங்கள். வேறு கிண்ணத்தில் புது அசிட்டோன் ஊற்றி அதில் ஒரு முறை அலசி எடுங்கள். எந்த நேரத்திலும் தேய்க்காதீர்கள், தானாக உலரட்டும், நொடியில் உலர்ந்துவிடும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், சமையலறையில் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அசிட்டோன் பிசுக்கைத்தான் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. பச்சைக்கு அடியில் ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தடம் நிற்கும். அது நிற்கட்டும்.

பத்து ரூபாயின் மஞ்சளும் ஊதாவும் காற்றிலுள்ள கந்தகத்தால் வந்தவை. அதை எடுக்க முயலவே வேண்டாம். நிதானமாக வந்த நிறத்தை அழகு என்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன்.

தஞ்சை_மேலவீதி:

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். பத்திரப்படுத்துவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஒவ்வொரு காசுக்கும் அதன் அளவுக்குச் சரியான கெட்டிக் கேப்சூல் (காசை வைத்து மூடும் வட்டமான பிளாஸ்டிக் டப்பி) வாங்குங்கள், பத்து ரூபாய்க்கு 34 மில்லிமீட்டர். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், மர டிராயர் மூன்றும் ஆகாது. பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள், அதை அவ்வப்போது மாற்றுங்கள்.

என்னிடம் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு (2010) நினைவாக வந்த ஆயிரம் ரூபாய்க் காசு இருக்கிறது. 44 மில்லிமீட்டர் வெள்ளி, நம் நாட்டின் முதல் ஆயிரம் ரூபாய்க் காசு அதுதான். வந்த நாளிலிருந்து கேப்சூலைத் திறந்ததில்லை. விமானத்தின் ஒவ்வொரு தளமும் இன்றைக்கும் தனித்தனியாகத் தெரிகிறது. அக்காவுக்கு இனிமேல் வாங்க ஆசை வந்தால் ஒன்று கவனியுங்கள். மின்ட் ஒரே காசைப் புரூஃபாகவும் யுஎன்சி (புழக்கத்துக்குப் போகாத புதுக் காசு) என்றும் இரண்டு விதமாக விற்கும், அட்டை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டையில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கரூர்_செல்வி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மொட்டை மாடியில் வைத்துச் செய்தேன். நான்கிலும் 'பி' இருக்கிறது. அப்பா எழுதியது சரி.

இருபது பைசாவைப் போட்டதும் அசிட்டோன் லேசாகப் பச்சையானது. எடுத்தபோது அசோகச் சிங்கத்தின் பிடரி முடி தெரிந்தது. ஓரத்தில் ஊசி முனை அளவில் நான்கைந்து புள்ளிகள் மட்டும் நின்றுவிட்டன.

பத்து ரூபாயில் கறை என்று எழுதியிருந்தேன் அல்லவா? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது கறை இல்லை, கைரேகை. பாதி ரேகை, மிகச் சின்ன விரல். அசிட்டோனில் இரண்டு தடவை போட்டும் போகவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. அது போக வழி உண்டா, ஐயா?

பழையகாசு_நெல்லை:

இல்லை அம்மா. விரலின் வேர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. தொட்ட அன்றைக்கே அசிட்டோனில் அலசினால் போயிருக்கும். நாளானால் உலோகத்தில் பதிந்துவிடும். அப்பா சத்தம் போட்டது அதற்காகத்தான் இருக்கும்.

விற்பதானால் அந்த ரேகையால் விலை குறையும்.

கரூர்_செல்வி:

விற்கப் போவதில்லை. 34 மில்லிமீட்டர் கேப்சூல் சொல்லியாகிவிட்டது. அப்பாவின் சீட்டையும் கூடவே வைக்க வேண்டும், காகிதம் காசில் படாமல் எப்படி வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.