நெஞ்சு சிடி ஸ்கேனில் உதரவிதானம் இரட்டையாகத் தெரிகிறது, மெஷின் கோளாறா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளாக நெஞ்சு சிடி எடுத்தால் மேல் நுரையீரல் பளிச்சென்று இருக்கிறது, கீழே போகப் போக ரத்தக்குழாய்கள் கலங்கி உதரவிதானம் இரண்டு கோடாக விழுகிறது. நேற்று ஒரு பாட்டியின் விலா எலும்பு படிக்கட்டு மாதிரி தெரிந்ததால் டாக்டர் முறிவென்று சந்தேகப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டாவதில் எலும்பு நேராக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வீணாக இரண்டு தடவை கதிர் பட்டதுதான் மனசை உறுத்துகிறது. கதிரை வாங்குகிற டிடெக்டர் போய்விட்டதா?

பதில் (தர்மபுரி):
தண்ணீர் பேண்டம் (மெஷினைச் சோதிக்க ஆளுக்குப் பதில் வைக்கிற தண்ணீர் உருளை) போட்டுப் பார்த்தீர்களா? அது சுத்தமாக வந்தால் மெஷினை விடுங்கள், டிடெக்டர் பழுதென்றால் வளையம் வளையமாக வரும். இது மூச்சு. எக்ஸ்ரே டியூப் ஒரு சுற்று சுற்ற அரை நொடிதான் என்றாலும், அதற்குள் எடுத்த நூற்றுக்கணக்கான பார்வைகளை, உடம்பு அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்க்கிறது. நடுவில் ஈரல் இறங்கினால் இரண்டு இடத்திலும் வரைந்துவிடும். உதரவிதானத்தை ஒட்டித்தான் அசைவு அதிகம். சஜிட்டலில், அதாவது பக்கவாட்டு வெட்டுப் படத்தில் பாருங்கள், எலும்பு உடைந்த மாதிரி தெரிகிற அதே மட்டத்தில் தோலும் அலையாக இருந்தால் முறிவில்லை.

கேட்டவர்:
பேண்டம் சுத்தம் அண்ணா, தோலும் அலைதான். ஆனால் மூச்சைப் பிடிக்கச் சொல்லி ரெக்கார்டிங் ஓடுகிறதே?

பதில் (ஓசூர்):
தம்பி, எந்த மொழியில் ஓடுகிறது? தளி, அஞ்செட்டி பக்கமிருந்து வருகிறவர்களில் நிறைய பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான் பேசுவார்கள், இங்கிலீஷில் அதட்டுகிற குரலைக் கேட்டால் பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுவார்கள். அவரவர் மொழியில் உங்கள் ஆட்களையே பேசவைத்து பதிவு செய்யுங்கள். அதைவிட முக்கியம், படுக்கவைத்ததும் வயிற்றைப் பார்த்தபடி இரண்டு தடவை ஒத்திகை. பத்து நொடி தாங்காதவர்களுக்குக் கீழிருந்து மேலே எடுங்கள், மூச்சு முட்டி விட்டாலும் அதற்குள் அடிப்பகுதி முடிந்திருக்கும். பிட்சை, அதாவது ஒரு சுற்றுக்கு மேசை நகர்கிற அளவைக் கூட்டினால் நேரமும் குறையும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றப்படும் நோயாளிகளிடம் உடம்பு சூடாகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சரியாக அந்த நொடியில் திடுக்கிட்டு அசைவார்கள்.

கேட்டவர்:
அக்கா, இன்று அஞ்செட்டிப் பெரியவர் ஒருவர். ஆயா அம்மா பக்கத்தில் நின்று கன்னடத்தில் 'உசிரு ஹிடிதுகொள்ளி' (மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்) என்று இரண்டு தடவை பழக்கினார். உதரவிதானம் ஒரே கோடு! அப்புறம் ஒன்று, விபத்தில் வந்து தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு?

பதில் (தர்மபுரி):
நெற்றி, தாடை இரண்டுக்கும் பட்டை, பக்கவாட்டில் ஸ்பாஞ்ச். ஹெலிக்கல் (மேசை ஓட ஓட எடுப்பது) வேண்டாம், ஆக்சியலில் (மேசையை நிறுத்தி நிறுத்தி) எடுங்கள், அசைந்த ஸ்லைஸை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.