சந்தை – ‘சந்து’வில் இருந்து வந்த சொல்லா? அங்காடிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பலகைக்காரன் கேட்டது:

வணக்கம். கூட்டுறவுக் காய்கறிக் கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டும். ‘காய்கறிச் சந்தை’ என்று ஒருவர் சொல்ல, ‘சந்தை வடசொல், அங்காடிதான் தமிழ்’ என்று இன்னொருவர் மறுக்கிறார். மூன்றாமவர் ‘நாலு பேர் சந்திக்கிற இடம், அதனால் சந்தை. சந்து, சந்தி, சந்தை மூன்றும் ஒரே வேர், சுத்தத் தமிழ்’ என்கிறார். எது சரி? இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதானா?

ஏடுபுரட்டி:

மூன்றாமவர் சொன்னது தன் காலிலேயே விழுகிறது. ‘சந்தி’ வடமொழிச் சொல். அதிலிருந்துதான் சந்தை வந்தது என்றால் அது எப்படிச் சுத்தத் தமிழாகும்?

அது கிடக்கட்டும். சந்துக்கும் சந்தைக்கும் உறவு உண்டா என்பதைத் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நாம் இரண்டிலும் ‘ந்த’ என்றே எழுதுகிறோம், ‘பந்து’ போலவே உச்சரிக்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘பந்து’வில் வரும் மெல்லோசைத் த, ‘பத்து’வில் வரும் வல்லோசைத் த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அங்கே பாருங்கள். தெலுங்கில் குறுகிய தெருவுக்குப் பெயர் ‘சந்து’, அதன் த நம் ‘பந்து’வில் வருவது. வாரச்சந்தைக்குப் பெயர் ‘சந்த’, அதன் த ‘பத்து’வில் வரும் வல்லோசை. கன்னடத்திலும் இடுக்குக்கு ‘சந்தி’ (மெல்லோசை), சந்தைக்கு ‘சந்தெ’ (வல்லோசை). பக்கத்து மொழிக்காரர் காதுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். நம் எழுத்துதான் இரண்டையும் ஒன்றாகக் காட்டி ஏமாற்றுகிறது.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல் என்றால் தமிழ் ‘ந்த’ கன்னடத்தில் மெல்லோசையாக வர வேண்டும். நம் தந்தை அங்கே ‘தந்தெ’, மெல்லோசைதான். வந்து என்பது ‘பந்து’, அதுவும் அப்படியே. சந்தை மட்டும் வல்லோசையோடு நிற்கிறது. பிற்பாடு மொழிக்கு மொழி கைமாறிப் பரவிய சொல் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

தமிழில் ஐ, கன்னடத்தில் எ, மலையாளத்தில் அ என்று ஈறு ஒழுங்காகப் பொருந்துகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அதை நம்ப வேண்டாம். ஆசை, ஆசெ, ஆச என்று வடசொல்லும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

நூற்பா_நேசன்:

தொல்காப்பியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிமரபு என்ற இயலில் சகர மெய் அ, ஐ, ஔ மூன்றோடும் சொல்லுக்கு முதலில் வராது என்று விதி. ‘ச’வில் தொடங்குவதாலேயே சந்தை தமிழ் இல்லை என்று முடித்துவிடலாம்.

ஏடுபுரட்டி:

நூற்பா_நேசன், அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது. அந்த நூற்பாவுக்கே ‘ஔ ஒன்றோடு மட்டும் வராது’ என்று பாடபேதம் உண்டு. நன்னூல் பன்னிரண்டு உயிரோடும் சகரம் முதலாகும் என்று சொல்லிவிட்டது. வெறும் ‘ச’வைக் காட்டி ஒதுக்கினால் சட்டி, சருகு, சளி எல்லாவற்றையும் வெளியே அனுப்ப வேண்டிவரும். சங்க நூல்களில் வாணிக இடத்துக்கு வருபவை அங்காடி, ஆவணம், நியமம். சந்தை இல்லை. வலுவான சான்று இதுதான்.

ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. ஆவணம் வடமொழி ஆபணத்தோடும், நியமம் நிகமத்தோடும் தொடர்புடையவை. மதுரைப் பக்கம் மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டில் ‘நிகமதோர்’ என்று வணிகக் குழுவினரே வருகிறார்கள். பழைய சொல் எல்லாம் தனித்தமிழ் என்றோ, புதியது எல்லாம் கடன் என்றோ கணக்குப் போட்டால் தப்பாகும்.

குமரிக்கோடு:

வேரை விட்டுப் பொருளுக்கு வருகிறேன். பலகைக்கு அதுதான் வேண்டும்.

சந்தை என்றால் கிழமை உண்டு. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்றே ஊர்கள் இருக்கின்றன. நாமக்கல் பக்கம் புதன்சந்தை. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையும் கிழமைப் பெயர்தான். புனேயில் சனிவார் பேட், புதவார் பேட் என்று வழங்குவதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறித்த நாளில் கூடும், சுங்கம் வசூலாகும், மாலையில் திடல் காலியாகும். மணப்பாறை மாட்டுச் சந்தையை யாரும் மாட்டங்காடி என்று சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. திருநெல்வேலிச் சந்தை, சுன்னாகம் சந்தை என்றால் அன்றாடம் நடக்கும் சந்தைதான். தமிழ்நாட்டிலும் 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை தினமும் கூடுவது. விளைவித்தவரே நேரில் விற்கிறார் என்ற குறிப்பு அந்தப் பெயரில் இருக்கிறது.

அங்காடி நிலைத்த கடைவரிசை. மதுரைக்காஞ்சியில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் இருந்த நாளங்காடியைப் பாருங்கள்: ‘கடைகால் யாத்த மிடைமரச் சோலைக் கொடுப்போர் ஓசையும் கொள்வோர் ஓசையும்’. நெருங்கி நின்ற மரங்களையே கால்களாக்கிக் கடை கட்டியிருக்கிறார்கள், தனியாகத் தூண் நடவில்லை.

கன்னடத்தில் ‘அங்கடி’ என்பது ஒற்றைக் கடை. மலையாளத்தில் அது கடைத்தெரு: திரூரங்காடி, பரப்பனங்காடி, அங்காடிப்புறம். நாம் சிட்டுக்குருவி என்கிறோமே, அதற்கு அங்கே அங்காடிக்குருவி என்று பெயர். கடைத்தெருவில் சிந்தும் தானியத்தைப் பொறுக்கித் தின்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

பலகைக்காரன்:

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். பிரபந்தம் கற்பவர்கள் ‘சந்தை வகுப்பு’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்லா? மண்டி என்று போட்டால் என்ன?

ஏடுபுரட்டி:

இல்லை. அந்தச் சந்தை ‘சந்தஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்லும் முறைக்குப் பெயர். அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்கும், சொல்லுக்கு மேல் போட்டிருக்கும் பதிவு எண்ணைப் பார்க்காமல் முதல் பதிவோடு நிறுத்துவதால்தான் குழப்பம் வருகிறது.

மண்டி வேண்டாம். வெல்லமண்டி, அரிசிமண்டி என்றால் மொத்த வியாபாரம், மூட்டைக் கணக்கு, கமிஷன். கால் கிலோ கத்தரிக்காய் கேட்டு வருபவர் வாசலிலேயே திரும்பிவிடுவார்.

குமரிக்கோடு:

கூட்டுறவுக் கடை, தினமும் திறப்பது, ஒரே விற்பனையாளர் என்றால் ‘கூட்டுறவுக் காய்கறி அங்காடி’. பல விவசாயிகள் மேசை போட்டு விற்றால் ‘காய்கறிச் சந்தை’. ‘காய்கறிக் கடை’ என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கடை என்ற சொல் மலாயில் ‘கெடாய்’, சிங்களத்தில் ‘கடே’ என்று கடல் தாண்டிப் போயிருக்கிறது.

ஒற்று தப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறிச் சந்தை, பங்குச் சந்தை, மாட்டுச் சந்தை எல்லாம் ‘ச்’ பெறும். உழவர் சந்தையில் ‘ச்’ போடக்கூடாது. காய்கறி அங்காடியில் பின்னால் வருவது உயிர் என்பதால் ஒற்று வராது, ‘காய்கறியங்காடி’ என்று சேர்த்து எழுதினால் இலக்கணப்படி சரி. ஆனால் பேருந்தில் போகிறவர் படித்து முடிப்பதற்குள் கடை பின்னால் போய்விடும். பிரித்தே எழுதுங்கள்.