மலை ஏறிய டெல்டா வண்டிகள்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

குடந்தை ஸ்பிளெண்டர்:
சம்பா அறுப்பு முடிந்து கை ஓய்ந்ததும், மாசிக் கடைசியில் மறுபடி கொல்லிமலை போகலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். வழி உங்களுக்கே தெரியும்: திருச்சி, முசிறி, தொட்டியம், நாமக்கல், காரவள்ளி. அதைக் கேட்க வரவில்லை. போன தடவை பார்த்த ஒரு பாட்டி இன்னும் மண்டைக்குள்ளேயே இருக்கிறார், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சோளக்காட்டிலிருந்து இறங்குகிறேன். ஒரு திருப்பத்தில் மடியில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் கையைக் காட்டினார். ஏற்றிக்கொண்டேன். இரண்டாம் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு வரும்போது திடீரென்று தோளில் ஒரு தட்டு. "நில்லு சாமி, பஸ்ஸு ஏறுது." எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சரி, பெரியவங்க சொல்றாங்களே என்று மண்ணில் இறக்கி நிறுத்தினேன். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். "ஒண்ணும் வரலையே பாட்டி" என்று வாயெடுத்த நேரத்தில் அரசுப் பேருந்தின் மூக்கு திருப்பத்தில் எட்டிப் பார்த்தது. கொல்லிமலைத் திருப்பத்தில் பஸ் எப்படித் திரும்பும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சாலை முழுக்க அதற்குத்தான். பின் சக்கரம் நான் வந்திருக்க வேண்டிய இடத்தின் மேலேயே ஏறிப் போனது. நான் கிளப்பப் போனேன். "இரு, பின்னால இன்னொண்ணு வருது." வந்தது.

நாலைந்து திருப்பம் தாண்டி "இங்கயே எறங்கிக்கிறேன்" என்றார். அங்கே வீடு இல்லை, விளக்கு இல்லை, மைல் கல்கூட இல்லை. தடுப்புச் சுவரைத் தாண்டி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டார். எங்கே போனார்? அங்கே என்ன இருக்கிறது?

வடகரை வாத்தியார்:
தம்பி, நீங்கள் காடு என்று பார்த்தது அவர்களுக்கு நடைபாதை. சாலை எழுபது கொண்டை ஊசி வளைவாகச் சுற்றிச் சுற்றி இறங்குவதை மலைக்காரர்கள் ஒற்றையடித் தடத்தில் குறுக்கே இறங்கிவிடுவார்கள். பேளுக்குறிச்சி சந்தைக்கு எத்தனை சரக்கு தலைச்சுமையாகப் போயிருக்கும் தெரியுமா?

என்னுடையது ஓர் ஆடிப் பதினெட்டு. வீட்டில் காதோலை, கருகமணி எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, படித்துறைக் கூட்டத்துக்குப் பயந்து முதல் நாள் ராத்திரியே பைக்கில் கிளம்பிவிட்டேன். கொல்லிமலை மேலே போனால் அங்கே அதைவிடக் கூட்டம், வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறி வரும்போது மூச்சு வாங்கி ஒரு படியில் உட்கார்ந்தேன். அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்ற பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். திருவையாறு என்றேன். கத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இன்னைக்கு உங்க ஊர்ல ஆத்துக்குப் பூசை போடுவாங்களே. நீங்க இங்க என்னங்க பண்றீங்க?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழே அருவிப் பக்கம் கத்தியை நீட்டி, "இதுவும் அங்கதான் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பழம் வெட்டப் போய்விட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பாபநாசம் கரும்பு:
வாத்தியார் ஐயா மன்னிக்கணும். ஆகாய கங்கை விழுவது ஐயாற்றில், அது காவிரியில் சேருகிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் நம் வயல் விளைகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது மழை பெய்தால் ஓடுகிற ஆறு. நமக்கு மேட்டூர், மேட்டூருக்குக் குடகும் கபினியும். அதற்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி. பைக்கில் நன்றி சொல்லப் போவதென்றால் தலைக்காவிரிக்குப் போங்கள்.

என் கதை சின்னது. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் தாண்டி, காரப்பள்ளம் பக்கம். எதிரே வந்த கரும்பு லாரியை யானை ஒன்று குட்டியோடு மறித்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அது நிதானமாக ஒரு கரும்பை உருவி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. நான் காலமெல்லாம் கரும்பு போடுகிறவன். எங்கள் பிள்ளைகள்கூட இவ்வளவு சுத்தமாகத் தின்னாது.

சரி, மாசியில் கிளம்பும் தம்பிக்குச் சில விஷயம். கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட இல்லை. நமக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம். அதனால் நம்மாட்கள் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடுகிறார்கள். சமவெளியில் மணிக்கு ஐம்பது என்றால் மலையில் இருபது, இருபத்தைந்து என்று வையுங்கள். இருட்டுவதற்குள் மேலே அறையில் இருக்க வேண்டும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதை அடியோடு விடுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி பிரேக் ஆயில் கொதிக்கும், அப்புறம் லீவரை அமுக்கினால் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் பழசாக ஆக ஈரம் இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் கொதிக்கும். அதனால் கிளம்பும் முன் மாற்றிவிடுவது உத்தமம். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

திட்டம் மாறி நீலகிரி, கொடைக்கானல் என்று போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. திம்பத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை. அந்தப் பக்கம் பந்திப்பூரிலும் இரவு 9 முதல் காலை 6 வரை விட மாட்டார்கள். ராத்திரி திம்பம் அடிவாரத்துப் பண்ணாரி சோதனைச்சாவடியில் போய் நின்றுகொண்டு தடுக்கிறவரிடம் சண்டை போடாதீர்கள்.

மாயவரம் ஸ்கூட்டர்:
கரும்பு அண்ணே, இவ்வளவு எழுதினீர்களே, கியரே இல்லாத வண்டிக்காரி என்ன செய்வது? பாதிப் பெண்கள் ஓட்டுவது அதைத்தான்.

பச்சைமலை போனேன். துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம், மேலே டாப் செங்காட்டுப்பட்டி. போகும் முன் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இறங்கும்போது பாதி வழியில் கருகிய வாடை. ஓரம் கட்டி, பிரேக் டிரம்மைக் குளிர வைக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். "அக்கா ஊத்தாதீங்க!" ஆடு மேய்க்கிற பையன், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். கல்லை விட்டுக் குதித்து ஓடி வந்து பாட்டிலையே பிடித்துக்கொண்டான். "சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சிரும். சும்மா உக்காருங்க, தானா ஆறும்." உட்கார்ந்தேன். அவனே எதிரில் உட்கார்ந்து பாடம் எடுத்தான். ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு மெதுவாக உருட்டினால் கிளட்ச் விட்டுவிடுமாம், வண்டி தன்னால் ஓடுமாம். லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே பிரேக்கை விட்டு விட்டு அமுக்க வேண்டுமாம். "எங்க சித்தப்பா அப்பிடித்தான் எறக்குவாரு." அப்படியே இறங்கினேன், இன்ஜின் இழுத்துப் பிடிப்பது கையிலேயே தெரிந்தது. பள்ளிக்கூட நாள் அது. ஏன் போகவில்லை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மன்னை தென்வாய்க்கால்:
வால்பாறை. ஆழியாறு சோதனைச்சாவடி. ஜூன் பாதி. வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு, பையைக்கூடத் திறக்காமல், பணியில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "மேட்டூர் தொறந்தாச்சுல்ல, தண்ணி நீடாமங்கலம் தாண்டுச்சா?" அவருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். நிலம் குத்தகையில் இருக்கிறது, குத்தகைக்காரர் போனை எடுப்பதில்லை. பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கிறது, இவர் எந்த மதகு, எந்தக் கிளை என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பது வளைவும் ஏறினேன், ஒன்பதாவது வளைவில் வரையாடு பக்கத்திலேயே நின்றது, எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அவர் வாய்க்கால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கரும்பு அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேக் ஆயிலைப் பார்த்தாலே நிலைமை தெரியும், ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்வது கடைக்காரருக்குத்தான் லாபம்.

பாபநாசம் கரும்பு:
தம்பி, ஈரம் கண்ணுக்குத் தெரியுமா? வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும், அதையாவது பாருங்கள்.

குடந்தை ஸ்பிளெண்டர்:
நான் பாட்டியைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஆயிலில் நிற்கிறீர்கள். என் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம்தான், ஆயிலே கிடையாது. வாத்தியார் ஐயா, அந்தத் தடத்தில் வெளியாட்கள் நடக்கலாமா, வனத்துறையில் கேட்க வேண்டுமா? இந்தத் தடவை காரவள்ளியில் வண்டியைப் போட்டுவிட்டு ஏறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

வடகரை வாத்தியார்:
கேட்காமல் இறங்காதீர்கள். மாசி, பங்குனி காட்டுத்தீக் காலம், அனுமதி கிடைப்பது சிரமம். காரவள்ளி டீக்கடையில் விசாரியுங்கள், மிளகு மூட்டைப் பாட்டி என்று சொன்னால் யாருக்காவது தெரியும்.

மாயவரம் ஸ்கூட்டர்:
மிளகு மூட்டையோடு அங்கே எத்தனை பாட்டிகள் இருப்பார்கள் ஐயா!