தகரக் கொட்டகையில் ஐப்பசி முதல் மார்கழி வரை நிகழ்ச்சி நடத்த யோசனை தேவை

ரைஸ்மில் கொட்டகை:
வணக்கம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓடாமல் கிடந்த ரைஸ்மில்லின் குடோனை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து இரண்டு வருடமாகக் கலை நிகழ்ச்சிகள் நடத்துகிறோம். 90 பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பாய் விரித்தால் குழந்தைகள் ஒரு முப்பது பேர். டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு எவர்சில்வர் குடம் இருக்கும், போடுகிறவர்கள் போடலாம்.

இந்த வருடம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஒன்று, மொத்தம் பன்னிரண்டு என்று யோசித்தோம்: கூத்து, பறை, நாதஸ்வரம், கதை சொல்லல், கவிதை வாசிப்பு, ஒரு நாள் சினிமா. ஆனால் போன நவம்பரில் வாங்கிய அடி மறக்கவில்லை. கதை சொல்ல வந்தவர் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மழை பிடித்துக்கொண்டது, தகரத்தில் அடித்த சத்தத்தில் மைக்கே கேட்கவில்லை, அப்புறம் கரண்டும் போனது. மனுஷன் சளைக்காமல் கீழே இறங்கிப் பாயில் உட்கார்ந்து சொன்னார், பக்கத்தில் இருந்த பத்துப் பிள்ளைகளுக்குத்தான் கேட்டது. மற்றவர்கள் டீயும் போண்டாவும் முடித்துவிட்டுக் குடை பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். இந்த முறை எதை எப்போது வைப்பது?

கூறைநாட்டான்:
பன்னிரண்டு என்பதை முதலில் மறந்துவிடுங்கள். இங்கிலீஷ் காலண்டரை வைத்துச் சனிக்கிழமைகளை வட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் நம் பக்கத்து நாதஸ்வரம், தவில்காரர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் தொகை கட்டுப்படியாகாது. மைக் செட், ஜெனரேட்டர், நாற்காலி வாடகை எல்லாவற்றுக்கும் அதே கதைதான். புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மார்கழியில் விடியற்காலைக் கோயில் வேலை முடிந்தபிறகு சாயங்காலம் சும்மா இருக்கும் வித்வான்கள் எத்தனையோ பேர். நாதஸ்வரத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள். கர்நாடக சங்கீதப் பாடகர்களை மட்டும் டிசம்பரில் தேடாதீர்கள், பாதிப் பேர் சென்னை சபாக்களில் இருப்பார்கள்.

இன்னொன்று, உங்களுக்கே தெரிந்திருக்கும், ஐப்பசி கடைசி நாள் கடைமுகம், மறுநாள் முடவன் முழுக்கு, இரண்டும் காவிரியில் நீராடும் நாட்கள். துலாக்கட்டப் படித்துறைக்கு வரும் கூட்டத்தில் அந்த இரண்டு நாளும் மாயவரத்தைத் தாண்டி பஸ் நகராது. வெளியூர்க் கலைஞரை அன்றைக்கு வரச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பறையிசைப்பவன்:
நான் இருக்கும் குழு மழைக்காலத்தில் வாசித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னும், சில சமயம் நடுவிலும் நெருப்பில் காட்டினால்தான் பறை பேசும். அதற்கு நனையாத ஒரு இடமும் ஒரு கட்டுக் காய்ந்த வைக்கோலும் வேண்டும். போன வருடம் ஒரு ஊரில் எங்களுக்குக் கொடுத்த வைக்கோல் ஈரம், ஒரே புகை, கண்ணைக் கசக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். உங்கள் குடோனில் நெருப்பு எங்கே மூட்டலாம் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், பக்கத்தில் சாக்கு மூட்டை எதுவும் கிடக்கக் கூடாது.

ஆனால் தகரத்தில் மழை கொட்டினாலும் பறைச் சத்தம் மேலே நிற்கும். அடைமழை வாரங்களில் பறையும் தவிலும் வையுங்கள். கவிதை வாசிப்பெல்லாம் வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து மைக் இல்லாமல் வாசியுங்கள்.

மைக்செட் மாமா:
கூத்து கூப்பிடுவதற்கு இது நல்ல நேரம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்து, மூச்சுவிட நேரம் இருக்காது. மழை மாதங்களில்தான் வேலை இல்லாமல் இருப்பார்கள். அதற்காகத் தொகையை அடித்துப் பேசாதீர்கள், வேன் வாடகையும் சாப்பாடும் தனி. விடிய விடிய வேண்டாம், இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கிக் கேட்டால் ஆடுவார்கள்.

ஏன் சுருக்க வேண்டும் என்றால், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் குடோன் இரண்டு பக்கம் திறந்து கிடந்தால் அந்த விலக்கைச் சொல்லி வாதாட முடியாது, ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சினிமா என்றீர்களே, ஓடிடி சந்தா வீட்டில் பார்க்கத்தான். குடம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது பொதுத் திரையிடல். உள்ளூர்ப் பையன்கள் எடுத்த குறும்படத்தை அவர்களிடமே எழுதி வாங்கிப் போடுங்கள், அவர்கள் வீட்டு ஆட்களே நாற்பது பேர் வருவார்கள்.

வெட்டி ஆபீசர்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? மழை விட்டதும் தையில் ஆரம்பிக்க வேண்டியதுதானே.

ரைஸ்மில் கொட்டகை:
தையில் சம்பா அறுவடை சார், ஊரில் ஒருத்தரையும் பிடிக்க முடியாது. நடவும் களையெடுப்பும் ஓய்ந்த கார்த்திகையில்தான் எங்கள் ஆட்களுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கை ஓய்வு.

எல்லோர் சொன்னதையும் வைத்து நேற்று உட்கார்ந்து பேசினோம். ஆறு நிகழ்ச்சி. காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை, காலையில், ஏனென்றால் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வருகிறது. ஐப்பசியில் கூத்து, கார்த்திகையில் பறை, குறும்படத்துக்கும் கவிதைக்கும் தேதி பிறகு, மார்கழியில் நாதஸ்வரம். அரையாண்டுப் பரீட்சை முடிகிற வரை பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை.

தகரத்துக்கு மேல் கீற்று வேய்ந்தால் சத்தம் பாதியாகக் குறையும் என்று எங்கள் ஊர்க் கொத்தனார் சொல்கிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? காற்றில் பிய்த்துக்கொண்டு போகுமா என்பதுதான் பயம்.

மைக்செட் மாமா:
செய்திருக்கிறோம். சத்தம் நிஜமாகவே குறையும், வெயிலுக்கும் நல்லது. மேலே குறுக்கே மூங்கில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், வெறும் கயிறு புயலுக்குத் தாங்காது. பறைக்கு நெருப்பு மூட்டுகிற மூலைக்கு மேலே மட்டும் கீற்று போடாதீர்கள்.