பேக்கேமன்: தனிக்காயை எங்கே விடுவது?

ராயபுரத்தில் எங்கள் தெருவே கேரம் ஆடும். நானும் தம்பியும் மட்டும் பேக்கேமன், இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம். நான் தனியாக விடும் காயை அவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். எவ்வளவு தள்ளி விட்டால் தப்பும்?

வியாசர்பாடி அண்ணன்:
தம்பி, அவன் காய்க்கு 6 கட்டம் தள்ளி மட்டும் விடாதப்பா. பகடை விழக்கூடிய 36 விதத்தில் 17 அடித்துவிடும். 7 கட்டம் தள்ளினால் வெறும் 6 விதம்தான். ஒரே கட்டம், எவ்வளவு வித்தியாசம் பார்! ரொம்பக் கிட்டே, 1 கட்டத்தில் விட்டாலும் 11தான்.

காசிமேடு:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம், ஆட்டத்தின் முதல் உருட்டலில் 3-1 விழுந்தால் யோசிக்காதீங்க. 8-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காய், 6-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காய் எடுத்து 5-ஆம் கட்டத்தில் சேர்த்து வீடு (ஒரே கட்டத்தில் இரண்டு காய்) கட்டிடுங்க. அருமையான வீடு அது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்று ராத்திரியே ஆடிப் பார்க்கிறேன்.