மட்டஞ்சொல்லி: தொட்டிக்குள் இருப்பதற்கு ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

'ஃபியூயல் கேஜ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாம் முள் ஆடும் வட்டத்தைப் பற்றியே பேசுகின்றன. எரிபொருள் மானியா, அளவியா, காட்டியா என்று கேள்வி. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் பெரிய கேடில்லை. பெயரில்லாமல் கிடப்பது, தொட்டிக்குள் இருந்து பெட்ரோல் மட்டத்தை அந்த முள்ளுக்குச் சொல்லும் மறுபாதி. பழைய காரில் பெட்ரோல் அளவு தப்பாகக் காட்டும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான்.

நான் வைத்திருக்கும் பழைய கார் ஒன்றில், தொட்டி வறண்டு வண்டி நின்ற பிறகும் முள் கால் பங்கில் நின்றது. 'மீட்டர் போச்சு' என்றார் பார்த்தவர். நானும் நம்பி, டேஷ்போர்டைப் பிரித்து, அலைந்து தேடி வாங்கிய வேறொரு மீட்டரைப் பொருத்தினேன். அதுவும் அதே கால் பங்கைக் காட்டியது. கடைசியில் பார்த்தால் தொட்டியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் எர்த் கம்பியின் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) முனை துருவேறிக் கிடந்தது. பெட்ரோலில் மிதக்கும் மிதவை தொட்டியின் அடியில் படுத்திருக்கும்போது மின்தடை 0 ஓம் இருக்க வேண்டிய இடத்தில், துரு தன் பங்குக்கு 20 ஓமுக்கு மேல் சேர்த்திருந்தது. அந்த வகையில் நிறைந்த தொட்டிக்கு 90 ஓம். அப்படியானால் 20 சொச்சம் என்பது ஏறக்குறைய கால் பங்கு. பாவம் அந்த முள், தனக்கு வந்து சேர்ந்ததை ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. 'மீட்டர்' என்ற ஒரே சொல் இரண்டு கருவிகளையும் சேர்த்து மூடியிருந்ததால் என் கை தவறான முனைக்குப் போனது. இந்தப் பெயரில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கருவி இதுதான்: ஒரு மிதவை, அதைத் தாங்கும் கை, மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு துண்டு, அந்தச் சுற்றின்மேல் ஊர்ந்து போகும் தொடுமுனை. பட்டறையில் இதை 'டேங்க் யூனிட்' என்பார்கள். 'ஃப்ளோட்' என்பவர்களும் உண்டு, ஆனால் அது மிதவையின் பெயர் மட்டுமே.

முந்தைய மடல்களில் வந்த சொற்களைப் பார்ப்போம்.

> தொட்டிக்குள் இருக்கும் 'சென்டர்' (sender) என்பதற்கு 'அனுப்பி' என்று வைக்கலாம்.

இது தமிழ் வாக்கியத்துக்குள் நிற்காது. 'அனுப்பி கழற்றிப் பார்த்தேன்' என்று எழுதினால், யாரை அனுப்பிவிட்டுக் கழற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றும். வினையெச்சமும் பெயரும் ஒரே உருவில் வரும்போது, முன்னால் ஒரு பெயர் ஒட்டியிருந்தால்தான் காது குழம்பாது. மண்வெட்டி, இடிதாங்கி, வழிகாட்டி எல்லாம் அப்படி நின்றவை.

> 'உணரி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் இன்றைய வண்டியில் சூடு, காற்று, வேகம் என்று எல்லாவற்றுக்கும் உணரி உண்டு. 'உணரி கெட்டிருக்கிறது' என்றால் எதை உணர்வது என்று மறுபடி கேட்க வேண்டும். 'மிதவை உணரி' என்றாலோ மிதவையை உணர்வது என்று பொருள் திரிகிறது.

> மட்டமறிவி?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னதும் 'மட்டமான அறிவு' காதில் விழுந்துவிட்டது. அதன்பிறகு என்னால் அதை மீட்க முடியவில்லை. கடல்மட்டம், நீர்மட்டம் என்னும்போது யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை என்பதால் 'மட்டம்' மேல் குறை இல்லை. 'அறிவி' பக்கத்தில் வந்ததுதான் சிக்கல்.

என் முன்மொழிவு: தொட்டிக்குள் இருப்பது மட்டஞ்சொல்லி. முள் இருப்பது அளவுகாட்டி. கதைசொல்லி, குறிசொல்லி, கோள்சொல்லி என்று தமிழ் ஏற்கெனவே இந்த வார்ப்பில் பெயர்களை வார்த்து வைத்திருக்கிறது. புணர்ச்சி வேண்டாம் என்பவர்கள் மட்டம்சொல்லி என்றே எழுதட்டும்.

ஒன்றில் மட்டம், மற்றொன்றில் அளவு என்று வேண்டுமென்றேதான் பிரித்திருக்கிறேன். தொட்டிக்குள் இருக்கும் கருவிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியாது. மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். தொட்டியோ நேர்சதுரப் பெட்டி அல்ல. அடியில் குறுகியிருக்கும், உதிரிச் சக்கரத்துக்காக ஒரு பக்கம் குழிந்திருக்கும். பாதி உயரம் என்பது பாதிக் கொள்ளளவு ஆகாது. மிதவையின் கையும் நேராக ஏறி இறங்காமல் வில்லாக வளைந்து போகிறது. இதைச் சரிக்கட்ட, சிலவற்றில் கம்பி சுற்றும் அட்டையையே ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் செய்திருப்பார்கள். பொதுவாகச் செய்து விற்கும் மாற்றுக் கருவியில் அந்த ஒத்திசைவு இருக்காது. நிறைந்ததும் சரி, காலியானதும் சரி, நடுவில் மட்டும் முள் ஏமாற்றும். மேல் பாதி மெதுவாகத் தீர்ந்து, கீழ்ப் பாதி சடசடவென்று காணாமல் போவதாகப் பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். கையை வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் பிழை இடம் மாறுமே தவிர மறையாது. மட்டம் வேறு, அளவு வேறு என்று பெயரே சொல்லிவிட்டால் இதை விளக்குவது எவ்வளவு எளிது!

மின்தடையை வைத்துப் பெயர் சூட்டலாமே என்று கேட்டவருக்கும் ஒரு பதில். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்களில் அளவுகாட்டியே கிடையாது. எஞ்சின் திணறும்போது காலருகே இருக்கும் நெம்புகோலைத் திருப்பி, ஒதுக்கி வைத்த பெட்ரோலைத் திறந்துவிட வேண்டும். முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். 1962ஆம் ஆண்டு மாதிரியில் அளவுகாட்டி வந்தது, ஆனால் மிதவை ஒரு கேபிளை இழுக்க, முள் நகர்ந்தது. மின்சாரத்துக்கு அங்கே வேலையில்லை. குச்சியும் மட்டஞ்சொல்லிதான், கேபிள் கட்டிய மிதவையும் மட்டஞ்சொல்லிதான். மின்தடையைப் பெயரில் ஏற்றினால் இவை வெளியே நின்றுவிடும்.

இனி, பழுது பார்க்கும்போது இந்தச் சொற்கள் உழைக்கின்றனவா என்று பார்க்கலாம். கீழே உள்ளதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மட்டஞ்சொல்லியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றுங்கள். 1960களின் நடுவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் (காலி 0, நிறைவு 90 ஓம்) முள் 'நிறைவு' பக்கம் ஓட வேண்டும். அதே கம்பியை உடலில் தொட்டால் 'காலி'க்கு வர வேண்டும். பழைய ஃபோர்டு வண்டிகளில் (காலி சுமார் 73, நிறைவு சுமார் 10 ஓம்) எல்லாம் தலைகீழ். அங்கே கம்பியை நேரடியாக உடலில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. அளவுகாட்டிக்குள் இருக்கும் சூட்டுச் சுருள் கெடும், நடுவில் ஒரு 10 ஓம் மின்தடை வைப்பது நல்லது. முள் இப்படி இரு முனைக்கும் போனால் அளவுகாட்டியும் கம்பியும் நலம், மட்டஞ்சொல்லியையும் அதன் எர்த்தையும் பாருங்கள். எர்த் கெட்டால் முதல் வகையில் *மிகைகாட்டல்*, இரண்டாம் வகையில் *குறைகாட்டல்*. இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே முன்மொழிகிறேன். 'தப்பாகக் காட்டுது' என்பதோடு நின்றுவிட்டால் பிழையின் திசை தெரியாமல் போகிறது. திசைதான் பாதி நோயறிதல்.

வெளியே எடுத்த மட்டஞ்சொல்லியின் பெட்ரோல் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, மல்ட்டிமீட்டர் வைத்துக் கையை மெல்ல ஏற்றி இறக்கினால் ஓம் சீராக மாற வேண்டும். இடையில் எகிறினால் கம்பி தேய்ந்திருக்கிறது. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம்தான் அது. (தொட்டியைத் திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், மட்டஞ்சொல்லியைத் தொட்டியில் இறுக்கும் பூட்டு வளையத்தைத் தட்ட இரும்பு உளி வேண்டாம், பித்தளை போதும்.)

அளவுகாட்டியும் சூடுகாட்டியும் ஒரே நேரத்தில் பிழையாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவான ஸ்டெபிலைசரை (மின்னழுத்தத்தைச் சீராக வைப்பது) சந்தேகியுங்கள். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கருவிகளில் அது சராசரியாக 10 வோல்ட் தர வேண்டும். அதற்கு 'அழுத்தச் சீராக்கி' என்று வந்த பரிந்துரையை ஏற்கிறேன்.

'எர்த்'தில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. 'புவியிணைப்பு' என்கிறோம். ஆனால் ரப்பர் சக்கரத்தில் நிற்கும் காருக்குப் புவியோடு என்ன இணைப்பு? மின்னோட்டம் திரும்பும் பாதை காரின் உடல். 1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையையே உடலோடு இணைத்தார்கள். அங்கே புவி என்று எழுதினால் படிப்பவர் இன்னும் குழம்புவார். 'உடலிணைப்பு' என்றால் எங்கே துரு சுரண்ட வேண்டும் என்பதாவது தெரியும்.

மின்தடைச் சுற்றின்மேல் ஊரும் அந்தச் சிறு துண்டுக்கு 'தொடுமுனை' என்று மேலே எழுதிவிட்டேன். ஆனால் ஸ்விட்சில் நிலையாக நிற்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். இது நகர்வது. 'தடவி' என்று ஒருமுறை நினைத்தேன், அனுப்பிக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். முன்னால் எந்தப் பெயரை ஒட்டலாம் என்று சொல்லுங்கள்.