பெட்ரோல் வாசனையும் இரண்டு விரலும்

குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. கண்ணை அசைத்துச் செய்கிற இ.எம்.டி.ஆர். தெரபி (மன அதிர்ச்சிக்கான சிகிச்சை) எப்படி இருந்தது என்று போன ஏ.ஏ. கூட்டத்தில், அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், ஒருவர் கேட்டார். அங்கே எனக்குச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த தம்பி லாரி மோதி இறந்தான். ஓட்டியது நான். எனக்குக் காலில் நாலு தையலோடு சரி. அன்றிலிருந்து பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினால் கை தானாகக் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடும். மூன்று முறை மறுவாழ்வு மையம் போய் மூன்று முறையும் விழுந்தேன். பங்க் பக்கமே போகாமல் எத்தனை நாள் இருப்பது?

முதல் நாளே விரலை ஆட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். தெரபி கொடுக்கும் மேடம் ஆட்டவே இல்லை. கை நடுக்கம் அடங்கி, தூக்கம் ஓரளவு வந்த பிறகுதான் தொடங்க முடியும் என்றார். மூன்று வாரம் வெறும் பேச்சு. அப்புறம், மனசு பதறினால் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் சொல்லுங்கள் என்றார். எங்கள் ஊர் பம்ப்செட் தொட்டியைச் சொன்னேன்.

பிறகுதான் ஒரு நாள் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். விபத்தில் இருப்பதிலேயே மோசமான காட்சி எது, அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது, உடம்பில் எங்கே பிடிக்கிறது, 0 முதல் 10 வரை எவ்வளவு வேதனை என்று கேட்டார். ‘அவனைக் கொன்றது நான்’ என்றேன். வேதனை 9. அவருடைய இரண்டு விரலும் இடமும் வலமுமாக ஓட, தலையைத் திருப்பாமல் கண்ணால் பின்தொடர வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, “இப்போ என்ன வருது?” என்பார். மறுபடி விரல். (சாமியாடிக்கு வேப்பிலை வீசுவது ஞாபகம் வந்து முதல் தடவை சிரித்தேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.)

நாலாவது சுற்றில் லாரி போய், அதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி என் தோளைத் தட்டி டீ குடிக்கலாமா என்று கேட்டது வந்தது. இத்தனை வருஷம் ஞாபகமே வராத விஷயம். தேம்பி அழுதேன்.

அன்றிரவுதான் கண்டம். கனவு, வியர்வை, குடித்தே ஆகவேண்டும் என்ற வெறி. இப்படி வரலாம் என்று மேடம் முன்பே எச்சரித்திருந்தார். ஸ்பான்சருக்கு, அதாவது கூட்டத்தில் எனக்குத் துணையாக இருக்கும் மூத்தவருக்கு, போன் போட்டேன். விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார் மனுஷன். ஐந்து அமர்வில் அந்தக் காட்சி 2-க்கு இறங்கியது. பங்கில் நிற்கும்போது இப்போதும் தம்பி ஞாபகம் வரும். பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் மாத்திரையும் கூட்டமும் இல்லாமல் விரல் மட்டும் இதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

*

நான் போதை மறுவாழ்வு கவுன்சிலர். அண்ணன் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பிரான்சின் ஷப்பிரோ 1987-ல் பூங்காவில் நடக்கும்போது தற்செயலாகக் கவனித்து, 1989-ல் ஆய்வாக வெளியிட்ட முறை இது. மன அதிர்ச்சிக்கு இதை உலக சுகாதார நிறுவனமே 2013-ல் பரிந்துரைத்தது. குடி ஏக்கத்துக்கு நேரடியாக என்றால் கதை வேறு. 2008-ல் ஜெர்மனியில் வழக்கமான சிகிச்சையோடு இரண்டு அமர்வு சேர்த்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்தும் ஏக்கம் குறைந்திருந்தது. ஆனால் மொத்தமே 34 பேர். 2020-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 109 பேரிடம் பார்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் குடிக்குப் பின்னால் ஒரு காயம் இருப்பவரைத்தான் நான் அனுப்புகிறேன். ‘சும்மா ஜாலிக்குக் குடிச்சுப் பழகிட்டேன் சார்’ என்பவரை இல்லை.

*

என் வீட்டுக்காரருக்கு விரலைப் பார்த்தால் கண் வலித்தது. பதிலுக்கு இரண்டு கையிலும் மாறி மாறித் தட்டினார்கள். இரண்டு நாளோடு வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கே என்ன ஞாபகம் வந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏ.ஏ. கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போகிறார். 5 மாதம் ஆகிறது.